இலவசச் சேவைக்கு அரசுப் பணம் வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வருமான வரிப் படிவத்தைக் காசு வாங்காமல் நிரப்பிக் கொடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல எண்ணம். யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். கூடவே, அதற்கு அரசாங்கத்திடம் கொஞ்சம் பணமும் வாங்கலாம் என்று யாரோ உங்கள் காதில் போட்டுவிட்டார்கள். இனி உங்களைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். அவருக்கு நேரமில்லாவிட்டால் இந்த வழிகாட்டியைப் படியுங்கள்.

காதில் போட்டவர் பொய் சொல்லவில்லை. 1978-ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டத்தில் 163-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. லாப நோக்கமற்ற அமைப்புகளோடு வரித் துறை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அந்த அமைப்புகளின் தொண்டர்கள் முதியவர்களுக்கு வரி விஷயத்தில் உதவலாம். தொண்டர்களின் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவை அரசு திருப்பித் தரலாம். இதுதான் அதன் சாரம். திட்டத்தின் பெயர் டாக்ஸ் கவுன்சலிங் ஃபார் தி எல்டர்லி. வாயில் நுழைவதற்காக டி.சி.இ. என்பார்கள். இதற்கு வீட்டா என்று ஓர் அண்ணன் திட்டம் உண்டு. 1969-இல் பிறந்தது. அது வயதைப் பார்க்காது. வருமானம் குறைந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் என எல்லோருக்குமானது.

தொண்டருக்குத் திருப்பித் தரும் பெட்ரோல் காசுக்கும் சாப்பாட்டுக் காசுக்கும் வருமான வரி கிடையாது என்பதையும் அதே பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். வரிப் படிவம் நிரப்பப் போனவருக்கு மதியம் தின்ற சாண்ட்விச்சுக்காக இன்னொரு வரிப் படிவம் வந்துவிடக் கூடாதே என்று அன்றைக்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த மனிதர் யாரென்று தெரிந்தால் சிலையே வைக்கலாம்.

முதலில் நோயைப் படியுங்கள்

விண்ணப்பத்தில் முதல் கேள்வியே, உங்கள் பகுதியில் இப்படி ஒரு சேவைக்கு என்ன தேவை என்பதுதான். ஆகவே, எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவரால் தன் வரிக் கணக்கைத் தானே ஏன் எழுத முடியவில்லை என்று நீங்கள் விளக்கியாக வேண்டும். கேட்பது யார்? அந்தப் படிவத்தை உருவாக்கிய அதே வரித் துறை. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு விளக்குங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை பார்த்த காலமெல்லாம் சம்பளத்தில் பிடித்ததற்கு ஈடாக, ஓய்வுக்குப் பிறகு மாதாமாதம் வருவது. 1983 வரை அதற்கு வரி கிடையாது. 1983-இல் வந்த சட்டம், தனி ஆளின் வருமானம் 25,000 டாலரையும் தம்பதியின் வருமானம் 32,000 டாலரையும் தாண்டினால் அதில் ஒரு பங்குக்கு வரி என்றது. 1993-இல் இன்னொரு படி ஏற்றி, வருமானம் இன்னும் கூடுதலாக இருந்தால் அந்தப் பணத்தில் 85 சதவீதம் வரை வரிக்குள் வரும் என்றார்கள். விலைவாசி ஏறியது, வீட்டு வாடகை ஏறியது, முட்டை விலைகூட ஏறியது. அந்த 25,000 மட்டும் இன்றும் 25,000-தான். சரி, எவ்வளவுக்கு வரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சோஷியல் செக்யூரிட்டியில் பாதியை எடு, மற்ற வருமானத்தைக் கூட்டு, வரி விலக்குப் பெற்ற வட்டியையும் கூட்டு என்று பதினெட்டு வரிகளில் ஒரு கணக்குத் தாள் இருக்கிறது. விலக்குப் பெற்ற வட்டியை எதற்கு ஐயா கூட்டுகிறீர்கள் என்று எந்தப் பெரியவராவது கேட்டால் அவருக்கு மூளை நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பதில் சொல்லத்தான் ஆள் கிடைக்காது.

அடுத்து வயது. தன் வயதை அரை வருஷத்தோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். அமெரிக்க வரிச் சட்டமும் அப்படித்தான் சொல்லும். ஓய்வுக்காலச் சேமிப்பை அபராதமில்லாமல் எடுக்க ஐம்பத்தொன்பதரை வயது ஆக வேண்டும். அதிலிருந்து நேராகத் தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்து வரியைத் தவிர்க்க எழுபதரை. எடுக்காமல் வைத்திருந்தால் அபராதம் என்று அரசு மிரட்டத் தொடங்கும் வயது ஒரு காலத்தில் எழுபதரையாக இருந்தது, பிறகு எழுபத்திரண்டு, இப்போது எழுபத்து மூன்று, 2033-இல் எழுபத்தைந்து ஆகும். எடுக்க வேண்டியதை எடுக்காவிட்டால் விடுபட்ட தொகையில் 25 சதவீதம் அபராதம். முன்பு 50 சதவீதமாக இருந்ததைப் பாதியாக்கியதால் இதைக் கருணை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. ஜனவரி முதல் தேதி பிறந்தவருக்கு வரிக் கணக்கில் முந்தைய டிசம்பர் 31-ஆம் தேதியே ஒரு வயது கூடிவிடும். அறுபத்தைந்து வயதுக்கான கூடுதல் கழிவு அவருக்கு ஒரு வருஷம் முன்னதாகவே கிடைத்துவிடுகிறது. பள்ளிக்கூட வாத்தியார் தன் இஷ்டத்துக்கு ஜூன் மாதத் தேதி போட்டுவிட்ட நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த யோகமும் இல்லை.

பெரியவர்களின் கஷ்டத்தை அரசு பார்க்கவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2018-இல் ஒரு சட்டம் போட்டு, அறுபத்தைந்து வயதானவர்களுக்கென்றே 1040-எஸ்.ஆர். என்ற தனிப் படிவத்தைக் கொண்டுவந்தார்கள். 2019-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து அது புழக்கத்தில் இருக்கிறது. கேள்விகளெல்லாம் பழைய 1040-இல் இருக்கும் அதே கேள்விகள். எழுத்துதான் பெரிது. பிரச்சினை கண்ணில் இருக்கிறது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

2025 முதல் 2028 வரை அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குத் தலைக்கு 6,000 டாலர் கூடுதல் கழிவும் வந்திருக்கிறது. தனி ஆளுக்கு 75,000 டாலர், தம்பதிக்கு 1,50,000 டாலர் வருமானத்துக்கு மேல் போனால் அது தேயத் தொடங்கும். சோஷியல் செக்யூரிட்டிக்கு வரியே ஒழிந்துவிட்டது என்று எங்கோ கேட்டுவிட்டு உற்சாகமாக வந்து உட்காரும் பெரியவரிடம் இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டிய ஆள் உங்கள் தொண்டர்தான். அவருக்கு அன்று சாண்ட்விச்சோடு ஒரு காபியும் வாங்கிக் கொடுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

வருமான வரிச் சட்டத்தின் 501-ஆவது பிரிவின்படி வரி விலக்குப் பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். தொண்டர்களை வைத்து வேலை வாங்கிய அனுபவமும் வேண்டும். அரசு அலுவலகங்களுக்கு டி.சி.இ.யில் இடமில்லை, அவை வீட்டா பக்கம் போகலாம்.

வீட்டாவில் தொகை பெரிது. 2023 நிதியாண்டில் டி.சி.இ.க்கு 1.1 கோடி டாலர், வீட்டாவுக்கு 4 கோடி டாலர் என்று நாடாளுமன்றம் ஒதுக்கியது. பார்த்ததும் வீட்டா பக்கம் ஓடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அங்கே அரசு ஒரு டாலர் தந்தால் நீங்களும் ஒரு டாலர் திரட்டிக் காட்ட வேண்டும். காசாக இல்லாவிட்டால் யாராவது வாடகையில்லாமல் கொடுத்த அறை, தானமாக வந்த கணினி என்று பொருளாகவும் காட்டலாம். ஓட்டை நாற்காலிக்கும் ஒரு மதிப்புப் போட்டு, அந்த மதிப்புக்கு ஆதாரமும் வைத்திருக்க வேண்டும். டி.சி.இ.யில் இந்த நிபந்தனை கிடையாது. அதனால்தான் ஏழைச் சங்கங்களுக்கு அது பிடிக்கிறது.

ஆனால் டி.சி.இ. வாசலில் உங்களுக்கு முன்னால் ஒரு யானை நிற்கிறது. ஏ.ஏ.ஆர்.பி. என்ற முதியோர் அமைப்பின் அறக்கட்டளை நடத்தும் டாக்ஸ்-எய்ட். 1968-இல் நான்கு தொண்டர்கள் சேர்ந்து நூறு பேருக்கு எழுதிக் கொடுத்ததில் தொடங்கி, இன்று நாடெங்கும் நூலகங்களிலும் முதியோர் மையங்களிலும் மேஜை போட்டிருக்கிறது. சட்டம் வருவதற்குப் பத்து வருஷம் முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். டி.சி.இ. பணத்தில் மிகப் பெரிய பங்கு அவர்களுக்குத்தான் போகிறது. இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. வேலையும் அவர்கள்தான் அதிகம் செய்கிறார்கள். மிச்சமிருப்பதில் நீங்கள் கேட்கலாம். யானை போகாத ஊராகப் பார்த்துக் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு.

பன்னிரண்டு எழுத்து

விண்ணப்பம் வாங்குவது வழக்கமாக மே மாதம் முழுக்க நடக்கும். முப்பத்தொரு நாள் இருக்கிறதே என்று ஏப்ரல் கடைசியில் சோம்பல் முறிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அந்த மே மாதத்தில் விண்ணப்பிப்பதில்லை. அடுத்த மே மாதத்தில் விண்ணப்பிக்கிறார்கள்.

காரணம் சாம். அப்படி ஓர் ஆள் இருந்திருந்தால் நேரில் போய்க் கும்பிடு போட்டாவது காரியத்தை முடித்திருக்கலாம். இது மத்திய அரசிடம் பணம் வாங்குகிற அத்தனை பேரும் பதிந்துகொள்ள வேண்டிய தளம். இங்கே பதிந்தால்தான் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் தருவார்கள். 2022 ஏப்ரலுக்கு முன்பு இந்த வேலைக்கு ஒரு தனியார் நிறுவனம் கொடுத்த ஒன்பது இலக்க எண் இருந்தது. அதை மனப்பாடம் செய்து வைத்திருந்த பொருளாளர்கள் புதிய அடையாளத்தைப் பார்த்து ஓய்வு பெற்றார்கள்.

பதிவில் கஷ்டமான இடம் முகவரி. உங்கள் சங்கம் பதிவானபோது "நார்த் மெயின் ஸ்ட்ரீட்" என்று முழுசாக எழுதியிருப்பீர்கள். மின்சாரக் கட்டண ரசீதில் "என். மெயின்" என்று இருக்கும். வங்கிக் கணக்கில் பழைய செயலாளரின் வீட்டு விலாசம். வரித் துறை கொடுத்த எண் கடிதத்தில் சங்கத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு "இன்க்." இருக்கும்; மாநிலப் பதிவில் அது இருக்காது. இவை எல்லாம் ஒரே சங்கம்தான் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டு, ஆதாரத்தை ஏற்றிவிட்டு, வாரக்கணக்கில் காத்திருங்கள். இந்தப் பதிவுக்கு வருஷம் ஒன்றுதான் ஆயுள். அடுத்த வருஷம் மறுபடி புதுப்பிக்க வேண்டும்.

பதிந்த சில நாளில் உங்களுக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். "உங்கள் பதிவு காலாவதியாகப் போகிறது, உடனே கட்டணம் செலுத்துங்கள்" என்று கழுகுச் சின்னமெல்லாம் போட்டு, அரசாங்கக் கடிதம் போலவே இருக்கும். சாம் பதிவுக்கு அரசு ஒரு சல்லிக் காசு வாங்குவதில்லை. இலவசச் சேவைக்கு இலவசமாகப் பதிகிற வேலையிலும் காசு பார்க்க ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள். இந்த வழிகாட்டியில் கிண்டல் கலக்காத வரி இது ஒன்றுதான்.

அதன் பிறகு, விண்ணப்பத்தை ஏற்ற வேண்டிய கிராண்ட்ஸ் தளம். அங்கே சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போடும் பிரதிநிதி ஒருவர் வேண்டும். அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்க மின்வணிகத் தொடர்பாளர் என்று இன்னொருவர் வேண்டும். பெரிய நிறுவனங்களில் இவர்கள் இரண்டு பேர், இரண்டு மாடியில் இருப்பார்கள். உங்கள் சங்கத்தில் இரண்டு பேரும் நீங்கள்தான். ஆகவே முதலில் பிரதிநிதியாக உள்ளே போய் அனுமதி கேளுங்கள். வெளியே வந்து தொடர்பாளராக உள்ளே போய், கேட்டவர் நம்பத் தகுந்தவர்தானா என்று யோசித்து, அனுமதி கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நன்றி சொல்ல வேண்டிய அவசியமில்லை.

தேவையை எழுதும் கலை

எஸ்.எஃப்.-424 என்ற முகப்புப் படிவத்தை நிரப்புவது எளிது. அதற்குப் பிறகு வரும் விளக்கவுரையில்தான் உங்கள் சாமர்த்தியம் தெரிய வேண்டும். ஊர் எவ்வளவு பரிதாபமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சங்கம் எவ்வளவு செழிப்பாக இருக்கிறதோ அதுவும் அவ்வளவு நல்லது. பேருந்து இல்லாத ஊர், இணையம் எட்டாத வீடுகள், ஆங்கிலம் புரியாத பாட்டிகள் என்று முதல் பக்கத்தில் படிக்கிறவர் கண் கலங்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில், அதே ஊரில் கணக்கு வழக்குகளைச் சுத்தமாக வைத்திருக்கும், பூட்டுப் போட்ட அலமாரி உள்ள, ரகசியக் காப்பில் கரை கண்ட சங்கம் ஒன்று எப்படி முளைத்தது என்று வியக்க வேண்டும்.

அடுத்த வருஷம் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுப்பீர்கள் என்று ஓர் எண்ணிக்கை கேட்பார்கள். பந்திக்கு எத்தனை இலை என்று முகூர்த்தத்துக்கு எட்டு மாதம் முன்பே சமையல்காரர் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அதிகம் சொல்லி எட்டாமல் போனால் மறு வருஷம் கை இறுகும். குறைத்துச் சொன்னால் இந்த வருஷமே இறுகும். முந்தைய வருஷம் செய்த எண்ணிக்கையை எடுத்து, கொஞ்சம் மனச்சாட்சியும் கொஞ்சம் நம்பிக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

பட்ஜெட்டில் முக்கியமானது தொண்டர்களின் செலவு. அமெரிக்காவில் எதற்கும் கார்தான். தொழில் விஷயமாகக் கார் ஓட்டியவர் 2025-இல் மைலுக்கு 70 சென்ட் கழிவு எடுக்கலாம் என்றது வரித் துறை. தர்ம காரியத்துக்காக ஓட்டியவருக்கு 14 சென்ட். அதே கார், அதே சாலை, அதே பெட்ரோல். இந்த 14 சென்ட்டைச் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டதால் 1998-லிருந்து அசையவில்லை. அதுவும் 2025-இல் செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியல் போட்டுக் கழிவு எடுத்தவருக்குத்தான். ஆகவே உங்கள் தொண்டருக்கு நீங்கள் தரப்போகும் பெட்ரோல் காசு அற்பமாகத் தெரிந்தால், இந்தப் பதினாலு சென்ட்டைச் சொல்லிக் காட்டுங்கள். பெற்றுக்கொள்வார்.

ஆள் பிடிப்பது

தொண்டர்கள் யார்? பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். எழுபத்திரண்டு வயதுக்காரர் அறுபத்தெட்டு வயது முதியவருக்கு உதவுவது இங்கே சர்வ சாதாரணம். முன்னாள் பொறியாளர், முன்னாள் கணக்கு ஆசிரியை, முன்னாள் கப்பற்படை ஆள் என்று வருவார்கள். ஆங்காங்கே ஒரு முன்னாள் கணக்காயரும் சிக்குவார்.

அவர்கள் எல்லோரும் பரீட்சை எழுத வேண்டும். நடத்தை நெறிக்கு ஒன்று, வந்தவரிடம் விவரம் கேட்டு எழுதும் முறைக்கு ஒன்று, வரிச் சட்டத்துக்கு ஒன்று. 80 சதவீதம் வாங்கினால் தேர்ச்சி. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். ஆனால் அந்தப் புத்தகத்தில் சரியான பக்கத்தைக் கண்டுபிடிக்கிறவருக்குப் பரீட்சையே தேவையில்லை. நாற்பது வருஷம் பெரிய கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதியவர், "யாராவது நன்றி சொல்லி இருபது டாலர் நீட்டினால் என்ன செய்வீர்கள்" என்ற கேள்வியின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வாங்கக் கூடாது என்பதுதான் விடை. உண்டியல் ஒன்றை வரி எழுதும் மேஜைமேல் வைக்கவும் கூடாது. வருகிறவரின் ரீஃபண்ட் பணத்தைத் தொண்டர் தன் கணக்கில் போட்டுக்கொள்ளக் கூடாது என்றும் தனியாகச் சொல்லித் தருகிறார்கள். சொல்லித் தர வேண்டிய நிலைமை எங்கோ வந்திருக்கிறது போலும்.

மேஜைக்கு முன்னால்

பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் 15 வரை சீசன். வருகிறவரிடம் புகைப்பட அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி அட்டை இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு 13614-சி என்ற படிவத்தைக் கையில் கொடுங்கள். வரிப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் வந்தவரிடம் முதலில் நாம் கொடுப்பது இன்னொரு படிவம். போன வருஷம் கல்யாணம் ஆனவராக இருந்தீர்களா, யாராவது உங்களைச் சார்ந்திருக்கிறார்களா, சூதாட்டத்தில் வருமானம் உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேட்கும். பல வருஷங்களாக அதில் ஆம், இல்லை என்ற கட்டங்களோடு "நிச்சயமாகத் தெரியாது" என்றும் ஒரு கட்டம் இருந்தது. மொத்தப் படிவத்திலும் பெரியவர்கள் நிம்மதியாக நிரப்பிய இடம் அதுதான்.

நம்மவர்கள் அதிகம் வாழும் நியூ ஜெர்சிப் பக்கம் ஒரு நூலகத்தில் மேஜை போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மகள் வீட்டோடு கிரீன் கார்டில் இருக்கும் எண்பது வயதுக்காரர் வந்து உட்காருகிறார். எதிரில் தமிழ் பேசும் தொண்டர், அவருக்கு அறுபத்தாறு.

"போன வருஷம் வெளிநாட்டுல வட்டி, வாடகைன்னு ஏதாவது வந்துதா சார்?"

"வெளிநாடா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது."

"இந்தியாவுல?"

"இந்தியா எப்படித் தம்பி வெளிநாடு ஆகும்?"

தம்பி ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறார்.

"மாம்பலத்துல ஒரு ஃப்ளாட் இருக்கு, வாடகைக்கு விட்டிருக்கேன். அதுக்கு அங்கேயே வரி கட்டியாச்சு. அப்புறம் என்.ஆர்.இ. டெபாசிட். அதுக்குத்தான் வரியே இல்லையே."

"அங்க இல்ல சார். இங்க உண்டு."

கிரீன் கார்டு இருந்தால் உலகத்தில் எந்த மூலையில் வந்த வருமானத்தையும் அமெரிக்காவில் காட்ட வேண்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் வைத்திருக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் உள்ள விலக்கு இங்கே செல்லாது. வெளிநாட்டுக் கணக்குகளில் இருக்கும் மொத்தத் தொகை வருஷத்தில் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்-பார் என்ற தனி அறிக்கை வேறு கொடுக்க வேண்டும். அது வரித் துறையின் படிவம்கூட இல்லை. வாடகை வருமானமோ இந்த இலவச மேஜையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ராணுவத்தினருக்கு மட்டும் விதிவிலக்கு. ஆகவே தொண்டர் தன்மையாகச் சொல்கிறார்: "இதைக் காசு கொடுத்து ஒரு கணக்காயர்கிட்டதான் எழுதிக்கணும் சார்."

"இலவசம்னு போட்டிருந்துதே?"

"இலவசம்தான் சார். எங்களால எழுத முடியாது, அவ்வளவுதான்."

இந்த வரியைச் சிரிக்காமலும் குரல் உயர்த்தாமலும் சொல்லப் பழகுங்கள். மரியாதையாக நடத்த வேண்டும் என்பது நடத்தை நெறியில் ஆறாவது விதி. ஒரு மணி நேரம் காத்திருந்தவர் வெறுங்கையோடு எழுந்து போகிறார். மானியக் கணக்கில் அவர் ஓர் எண்ணாகக்கூட வரமாட்டார். எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். சிக்கல் குறைவானவர்களுக்கு உதவி கிடைக்கிறது. மாம்பலத்து ஃப்ளாட்டின் தேய்மானத்தைக் கணக்கிடத் தெரியாமல் தவிப்பவருக்குக் கிடைப்பதில்லை.

எழுதி முடித்தாலும் உடனே அனுப்பிவிட முடியாது. எழுதியவர் அல்லாத இன்னொரு தொண்டர் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். அவர் அரை சென்ட் விடாத ரகமாக இருந்தால் பின்னால் வரிசை நீளும். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வரித் துறையைத் தணிக்கை செய்கிற கண்காணிப்பு அலுவலகத்து ஆட்கள் சாதாரண வரி கட்டுகிறவர்களைப் போலவே இந்த மேஜைகளில் வந்து உட்கார்ந்து சோதித்துப் பார்த்ததுண்டு. தப்பும் நிறையவே அகப்பட்டிருக்கிறது. உங்கள் எதிரே பழைய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யாரென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

பணம் எங்கே?

மானியத்தின் வருஷம் அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது. அமெரிக்க பட்ஜெட்டும் அன்றைக்குத்தான் தொடங்க வேண்டும். அது வழக்கமாக அன்றைக்குத் தொடங்குவதில்லை. 2025-இல் அக்டோபர் முதல் தேதியிலிருந்து நாற்பத்து மூன்று நாள் அரசே கடையைச் சாத்தியிருந்தது. அப்படிப்பட்ட வருஷங்களில் முதலில் ஒரு துண்டு, பிறகு ஒரு துண்டு என்று கிடைக்கும். பெரியவர்களிடம் ஏப்ரல் 15-ஐத் தள்ளி வைக்கச் சொல்லவும் முடியாது. பணம் வந்ததும் அதை எடுக்கப் போவீர்களே, அந்தக் கணக்கை வைத்திருப்பது வரித் துறை அல்ல. சுகாதாரத் துறை நடத்தும் ஒரு பட்டுவாடா அமைப்பு. அதற்கும் தனியாகப் பதிய வேண்டும். முகவரி ஒன்றாக இருக்கட்டும்.

பிறகு நிதி அறிக்கை. யார் எத்தனை மைல் ஓட்டினார், எந்தத் தேதியில் என்ன சாப்பிட்டார் என்ற ரசீதுகளோடு கோப்பு வளரும். மூன்று வருஷமாவது வைத்திருங்கள். இதையெல்லாம் நிரப்பத் தெரியாமல் தவிக்கும் சிறு சங்கங்களுக்கு இலவசமாக நிரப்பிக் கொடுக்க ஓர் அமைப்பு தொடங்கலாம் என்று இப்போது உங்களுக்குத் தோன்றும். அதற்கு மானியம் இருக்கிறதா என்று தேடாதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் விண்ணப்பிக்கத்தான் சொல்வேன். படிவம் எளிதாகும் என்று காத்திருந்து பயனில்லை. மக்கள் தாங்களே இலவசமாகக் கணக்கை அனுப்ப வரித் துறை 2024-இல் பன்னிரண்டு மாநிலங்களில் சோதனை போட்டு, 2025-இல் இருபத்தைந்து மாநிலங்களுக்கு விரித்த சொந்தத் தளத்தை 2026 சீசனுக்கு முன்பே மூடிவிட்டார்கள். நூலக மேஜை மட்டும் இருக்கிறது.

சங்கமும் வேண்டாம், சாமும் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் உங்கள் அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ இருந்தால், ஜனவரி பிறந்ததுமே பக்கத்து நூலகத்தில் விசாரித்து நேரம் வாங்குங்கள். தம்பதி சேர்ந்து தாக்கல் செய்வதானால் இரண்டு பேருமே நேரில் போக வேண்டும். அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, வருமானத்தைக் காட்டி ஜனவரியில் தபாலில் வந்த 1099 தாள்கள், போன வருஷ ரிட்டர்ன், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். இந்தியாவில் வாடகையோ வட்டியோ வருகிறதென்றால் கிளம்புவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மேஜையில் இருப்பவர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காசு கேட்டால், அது இந்தத் திட்டம் இல்லை. பெரியவர்களை எழுந்து வரச் சொல்லுங்கள்.